அழுகிற பிள்ளையும் அயர்ந்துபோன தாயும்

இந்த மாதக் குடும்ப வேதபாடத்துக்கு யாத்திராகமம் 2ம் அதிகாரத்தையும் எண்ணாகமம் 11ம் அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சகோதரிகளுக்கு மட்டும் எழுதிய பாடம் என்று சகோதரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மோசேயைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். எரிகிற முட்செடி கேட்டிருக்கிறோம், செங்கடல் கேட்டிருக்கிறோம், சீனாய் மலை கேட்டிருக்கிறோம். ஆனால் வேதத்தில் மோசே முதன்முதலாகச் செய்கிற காரியம் என்ன? அழுகிறார். நாணற்பெட்டியைத் திறந்து பார்த்த பார்வோனின் குமாரத்தி கண்டது, அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையை (யாத். 2:6). இஸ்ரவேலை நடத்தப்போகிற தேவமனிதன் வீறிட்டு அழுத கைப்பிள்ளையாகத்தான் நமக்கு அறிமுகமாகிறார்.

அதற்கு முன்னே மூன்று மாதம் இருக்கிறது. அம்ராமும் யோகெபேத்தும் அந்தப் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தார்கள். சத்தம் வெளியே போனால் பிள்ளையின் உயிர் போகும். அப்படிப்பட்ட வீட்டில் நடுராத்திரி பிள்ளை அழுதபோது அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பாள்! அதற்குமேல் ஏன் ஒளித்து வைக்க முடியாமற்போயிற்று என்று வேதம் காரணம் எழுதவில்லை. கைப்பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் யூகித்துக்கொள்ளுவாள்.

இந்த மூன்று மாதக் கணக்கைக் கவனியுங்கள். இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லுகிற கணக்கும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் பிராசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மாரிடம், பிள்ளை எப்போது அழுகிறது, எவ்வளவு நேரம் அழுகிறது என்று தினந்தோறும் குறித்துவைக்கச் சொல்லி 1962ல் அதை வெளியிட்டார். சுகமாயிருக்கிற பிள்ளைகளே இரண்டாம் வாரத்திலிருந்து அழுகையைக் கூட்டிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. பிறகு தானாகவே குறைந்தது. அழுகை அதிகமாவது பெரும்பாலும் சாயங்காலத்திலும் முன்னிரவிலும்தான். இன்னும் அதிகமாக அழுகிற பிள்ளைகளும் உண்டு. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்று 1954ல் வெசல் என்ற மருத்துவர் அதற்கு ஒரு அளவு சொன்னார். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலானவை நல்லா பால் குடிக்கும், எடை ஏறும், வேறொரு வியாதியும் இருக்காது. மூன்று நான்கு மாதத்தில் அழுகை அடங்கிவிடும்.

ஆகவே சகோதரியே, உன் பிள்ளை அழுவது நீ கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி அல்ல.

ஆனால் நம்முடைய சபையில் அந்தத் தாயின் காதில் விழுகிறது என்ன? "பால் பத்தல போல, டப்பாப் பால் குடு" என்று ஒருத்தர். "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டார். இவைகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். "வீட்டுல ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கு தங்கச்சி, அதான் பிள்ளையில சத்துரு வேலை செய்றான்" என்று நம்முடைய ஜெபக்குழுவிலிருந்தே ஒரு வார்த்தை வருகிறதே, அதுதான் பொல்லாத வார்த்தை. திருஷ்டிப் பொட்டு வேண்டாம், தாயத்து வேண்டாம் என்று விட்டு வந்தோம். அதே பயத்தை ஆவிக்குரிய பாஷையில் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் இப்படித்தான் கேட்டார்கள், பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று. இருவருமில்லை என்றார் ஆண்டவர் (யோவான் 9:2,3). ஆறு வாரப் பிள்ளையின் தலையில் கை வைத்து, அது திடுக்கிடும்படி சத்தமிட்டுப் பிசாசைக் கடிந்துகொள்ளுகிற ஜெபம் யாருக்கும் ஆறுதல் தராது. ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபியுங்கள், எண்ணெய் பூசியும் ஜெபியுங்கள், மெதுவாக ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் பிள்ளையின் துணி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைக்குப் பேச்சு இல்லை, அழுகைதான் பேச்சு. ஆகையால் முதலில் சாதாரணக் காரணங்களைப் பார்க்க வேண்டும். பசியா? ஈரமா? புழுக்கமா? நம்ம ஊர் மே மாத வெயிலில் பெரியவர்களே தவிக்கிறோம், பிள்ளைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுச் சுற்றி வைத்தால் அழாமல் என்ன செய்யும்? கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தாயின் உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு விரல் வீங்கிப்போவதுண்டு. அரையில் கட்டின கயிறு இறுகியிருக்கிறதா, தொடை இடுக்கில் வீக்கம் உண்டா என்றும் பாருங்கள். பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

சில அழுகை காத்திருக்காது. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிறமாக வாந்தி, மலத்தில் இரத்தம், உச்சிக்குழி புடைத்திருத்தல், வலிப்பு, பிள்ளை துவண்டு போதல், வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை, இவைகளில் ஒன்று இருந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்.எல்.சி. மருத்துவமனையோ, அரசு மருத்துவமனையோ, எது கிட்டே இருக்கிறதோ அது. வண்டி இல்லையென்றால் 108. விசுவாசத்தில் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம், லூக்காவும் வைத்தியன்தான்.

பால் பத்தவில்லை என்ற பேச்சுக்கு வருவோம். அழுகை ஒன்றை மட்டும் வைத்து அப்படி முடிவு பண்ணக்கூடாது. பிள்ளை நாளுக்கு ஆறு தரமோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்கிறதா, வாரத்துக்கு வாரம் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாயிருந்தால் பால் போதும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருகிறது. பால் டப்பாவை விளம்பரம் பண்ணவே கூடாதென்று 1992ல் நம்முடைய நாட்டில் சட்டம் வந்தது. அப்படியிருக்க, சாயங்கால அழுகையைப் பார்த்துப் பயந்து டப்பாவை உடைத்து, அதனால் பால் சுரப்பு குறைந்துபோன தாய்மார் அநேகர். சந்தேகம் இருந்தால் எடை பார்க்கிற நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

பாட்டிமார் கொடுக்கிற உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் இவைகளைப்பற்றியும் கேட்கிறீர்கள். தாய்ப்பால் மட்டும் என்றால் இவைகளும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். கிரைப் வாட்டரின் கதை வேடிக்கையானது. 1851ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் வுட்வர்ட் என்பவர் உண்டாக்கினது. பழைய தயாரிப்பில் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. திருவிருந்துக்குக்கூடத் திராட்சரசம் புளித்திருக்கக்கூடாது என்று பார்க்கிற நாம், பிள்ளை தூங்கினால் போதும் என்று கேள்வி கேட்காமல் வாங்கின மருந்து இது! பின்னாளில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள். அதினால் அழுகை நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இன்றுமில்லை. "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லிப் பிள்ளையைப் புடவையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவதும், தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் கை விடுவதும் ஆபத்து. அன்பாய்ச் செய்கிறவர்களை அன்பாய்த் தடுத்துவிடுங்கள்.

பின்னே என்னதான் செய்வது? தூக்குங்கள். "தூக்கித் தூக்கிக் கையில வச்சா கெட்டுப்போயிரும்" என்பது வீண்பேச்சு. இந்த வயதில் பிள்ளை கெட்டுப்போகிறதில்லை. கனடாவில் ஹன்சிக்கர், பார் என்ற இருவர் 1986ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. நம்முடைய பாட்டிமாருக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை, இடுப்பும் தோளும் அதற்கென்றே இருந்தன. தோளில் போட்டு நடங்கள். விளக்கைக் குறைத்து, டிவியை நிறுத்தி, காதோரம் மெல்லிய குரலில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். தூளி நல்லதுதான், கொக்கியும் புடவையும் உறுதியா என்று பாருங்கள், மூத்த பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போகாதிருங்கள். இதெல்லாம் செய்தும் பிள்ளை அழும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சில ராத்திரிகளில் எதுவும் பலிக்காது, அந்த அழுகை முடிகிறபோதுதான் முடியும்.

அந்த ராத்திரிகளைப்பற்றித்தான் இந்தப் பாடம் எழுத வேண்டியதாயிற்று.

நம்ம ஊர் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். அம்மா வீடு ஒரு ஊரில், மாமியார் வீடு ஒரு ஊரில், இங்கே வட்டத்துக்குள் புருஷனும் மனைவியும் கைப்பிள்ளையும் மட்டும். மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற காண்ட்ராக்ட் தொழிலாளர் வீட்டில் இன்னும் நெருக்கடி. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும், பிள்ளை அழுகிறது. "ஒரு பிள்ளைய அடக்கத் தெரியல உனக்கு" என்று ஒரு வார்த்தை. அவளோ பத்து நாளாய்ச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கினதில்லை. பக்கெட் வீல் இயந்திரத்தின் இரைச்சலில் ஒரு ஷிப்ட் முழுவதும் நிற்கிறவருக்கு, நாலு கிலோ பிள்ளையின் சத்தம் பத்து நிமிஷம் தாங்கவில்லை. ஆச்சரியமில்லை, அந்தச் சத்தம் பெரியவர்களை உலுக்குவதற்கென்றே பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நமது சுரங்கத்தில் ஒரு காரியம் உண்டு. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலே தண்ணீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்புகள் இராப்பகலாக ஓடி அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டுவிட்டால் அடித்தளம் பிளந்து சுரங்கத்துக்குள் வெள்ளம் வந்துவிடும். கோபம் அப்படித்தான். பெற்ற தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும், இரட்சிக்கப்பட்டவர்களுக்கும் வரும். அந்த வேளையில் பிள்ளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் போதும். தலை பாரம், கழுத்தில் பெலனில்லை, மூளைக்குள் இரத்தம் கசியும். வெளியே காயம் ஒன்றும் தெரியாது. கண் போகலாம், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். 1971ல் கத்கெல்ச் என்ற ஆங்கிலேய மூளை அறுவை மருத்துவர் இதை எழுதினபின்புதான் உலகம் கவனித்தது. ஆகையால் கை நடுங்கும்படி கோபம் வந்தால், பிள்ளையைப் பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். வாசலில் வேப்பமரத்தடியில் ஐந்து பத்து நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். பக்கத்து வீட்டு அக்காளைக் கூப்பிடுங்கள். பிறகு போய்த் தூக்குங்கள். அந்தப் பத்து நிமிஷ அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

ஆகார் செய்தது இதுதான். இஸ்மவேல் அப்போது கைப்பிள்ளை அல்ல என்பது உண்மை. ஆனாலும் பெற்றவள் பார்க்கச் சகியாமல் பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டு, சற்றுத் தூரம் போய் உட்கார்ந்து அழுதாள். தேவன் அவளை, நீ என்ன தாய் என்று கேட்டாரா? இல்லை. பிள்ளையின் சத்தத்துக்குச் செவிகொடுத்து, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்து, அவனைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்திலேயே இருந்த தண்ணீரைக் காண்பித்தார் (ஆதி. 21:15-19).

இனி எண்ணாகமம் 11. பெட்டியிலே அழுத பிள்ளை வளர்ந்து பெரியவராகி, இப்போது ஒரு ஜனமே கூடாரவாசலில் நின்று அழுவதைக் கேட்கிறார். மோசே தேவனிடத்தில் முறையிடுகிற விதத்தைப் பாருங்கள். இவர்களை நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், பால்குடிக்கிற குழந்தையைத் தகப்பன் தூக்கிச் சுமப்பதுபோல இவர்களை நான் சுமக்க வேண்டுமோ என்கிறார். கைப்பிள்ளையைச் சுமக்கிறது தகப்பன் வேலை என்று மோசேக்குத் தெரிந்திருக்கிறது, சகோதரர்களே! அதோடு நிற்கவில்லை. தனியாக என்னால் ஆகாது, இப்படியே நடத்துவதானால் என்னைக் கொன்றுவிடும் என்றும் சொல்லிவிடுகிறார். பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று அடுத்த அதிகாரத்திலேயே பேர் வாங்கினவர் பேசின பேச்சு இது.

கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் அதிகமாய் உபவாசி என்று சொல்லவில்லை. எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தை உன்னோடேகூட அவர்கள் சுமப்பார்கள் என்றார்.

பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஒரு சகோதரி காரணமில்லாமல் அழுகிறாள், சாப்பாடு வேண்டாம் என்கிறாள், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, பிள்ளைமேல் பாசமே வரல அக்கா என்கிறாள், செத்துப்போனா நல்லாயிருக்கும் என்கிறாள் என்றால், அது அவிசுவாசம் அல்ல, பின்மாற்றமும் அல்ல. பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு. மருந்தும் ஆலோசனையும் உள்ள வியாதி. சாவைப்பற்றிப் பேசினால் அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்னொரு காரியம். பிள்ளை பிறந்தபின் அவள் உபவாச ஜெபத்துக்கு வரவில்லை, முழு இரவு ஜெபத்தில் காணவில்லை, "பிள்ளை வந்ததும் கர்த்தர மறந்துட்டா" என்கிற முறுமுறுப்பு எழும்புகிறது. அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனே தப்பாய் எண்ணினான். சாமுவேல் பிறந்தபின்போ, வருஷாந்தரப் பலி செலுத்த வீட்டார் எல்லாரும் சீலோவுக்குப் போகையில், பிள்ளை பால்மறக்குமட்டும் நான் வரவில்லை என்று அவள் வீட்டிலிருந்துவிட்டாள். எல்க்கானா உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்றான் (1 சாமு. 1:21-23). பொருத்தனை பண்ணிப் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகாமலிருந்த அந்த நாட்களை வேதம் குற்றமாக எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் பிள்ளையோடு நடக்கிறவள் முழு இரவு ஜெபத்தில்தான் இருக்கிறாள்.

சரி, எழுபது பேர் யார்? நாம்தான். மோசேயின் தாய்கூடத் தனியாக வளர்க்கவில்லை. நதியோரம் காவல் நிற்க மிரியாம் இருந்தாள். பெட்டியை எடுக்கத் தாதிமார் இருந்தார்கள். ஒரு அந்நிய அரசகுமாரி மனதுருகி, பெற்றவளுக்கே சம்பளம் பேசிப் பிள்ளையைக் கொடுத்தாள். நமக்கு அவ்வளவு செலவில்லை. அந்தந்த வட்டத்தின் ஜெபக்குழுத் தலைவி, குழுவில் நாலு மாதத்துக்குட்பட்ட பிள்ளையுள்ள வீடு எது என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஜெபிக்கப் போகிறவர்கள் தூக்குவாளியில் குழம்போ ரசமோ கொண்டு போகட்டும். போனவுடன் பாட்டுப்புத்தகத்தைத் திறக்காமல், "குடு தங்கச்சி, நான் வச்சிருக்கேன், நீ போய் ரெண்டு மணி நேரம் படு" என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். ஆலோசனை சொல்ல வேண்டாம், அவளுக்கு இதுவரை கிடைத்ததே போதும். சகோதரர்களே, முதல் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நம்ம வட்டத்து ரோட்டில் இரண்டு சுற்று நடந்து வாருங்கள். மரமும் காற்றும் இருக்கிறது, ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் எண்ணாகமம் 11:12ஐ வாசித்துக் காட்டுங்கள்.

ஞாயிறு ஆராதனையில் பக்கவாட்டுக் கதவுக்கு அருகே, ஃபேனுக்குக் கீழே ஒரு பாய் விரித்து வைப்போம். வயதான தாய்மார் இருவர் அங்கே முறைவைத்து உட்காருவார்கள். நனைந்த துணியை மாற்ற, பால் கொடுக்க மறைப்புக்கு ஒரு திரையும் கட்டலாம். பிரசங்க நேரத்தில் பிள்ளை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், தாய் எழுந்து வெளியே ஓடவும் வேண்டாம். மைக் இருக்கிறது, பிரசங்கியார் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுவார்.